கார்த்திகையில் போய்ப் பாருங்கள்

கேள்வி: தை பிறந்ததும் மனை பார்க்கப் போகலாம் என்கிறார் என் கணவர். சரிதானா? (வாசகி, தாம்பரம்)

பதில்: பத்திரப்பதிவைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள், பார்ப்பதைக் கார்த்திகையிலேயே முடித்துவிடுங்கள். தை மாதத்தில் எல்லா மனையும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்றுதான் இருக்கும். நல்ல மழை விட்ட மறுநாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டு மதிலில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது? கரண்ட் மீட்டரை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி மாட்டியிருக்கிறார்களா? புதிதாகக் கட்டியவர்கள் மட்டும் சாலையிலிருந்து நாலடி தூக்கிக் கட்டியிருக்கிறார்களா? தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், 2015 டிசம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று தொட்டே காட்டிவிடுவார். இந்த மனை விற்றால் அவருக்குக் கமிஷன் கிடையாது. அதனால்தான் அவரிடம் கேட்கச் சொல்கிறேன்.

கேள்வி: ஏரியைப் பார்த்த மனை, ‘லேக் வியூ’ என்கிறார்கள். விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: நீங்கள் ஏரியைப் பார்க்கலாம், ஏரி உங்களைப் பார்க்க வரக்கூடாது. ஊர்ப் பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தாங்கல், ஏந்தல் என்று முடிந்தால், அங்கே நம் முன்னோர் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, சர்வே எண்ணைச் சொல்லிப் புலப்படமும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் எடுத்துப் பாருங்கள். மண்ணடித்து மேடாக்கிய இடத்தில் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது. புலப்படத்தில் அதன் கோடு அப்படியே கிடக்கும். சந்தேகமாக இருந்தால் மனையில் நாலடிக்கு ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். உடைந்த செங்கல்லும் பிளாஸ்டிக் பையும் வந்தால் அது கொட்டிய மண். அதன் மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடும். இப்படி நிரப்பியே சுருங்கிய சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கேள்வி: பட்டா இருக்கிறது, வில்லங்கமும் இல்லை. பிறகு வக்கீல் எதற்கு?

பதில்: வில்லங்கச் சான்று, பதிவானதை மட்டும்தான் சொல்லும். பதியாத உயிலைச் சொல்லாது. கையெழுத்துப் போடாத அத்தையையும் சொல்லாது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்துவிட்டது. தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று இரண்டையும் வக்கீல் கையில் கொடுத்து, அந்த வீட்டில் எத்தனை பெண்கள் பிறந்தார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்கிறார்களே?

பதில்: லேஅவுட்டை அங்கீகரிப்பது பஞ்சாயத்துத் தலைவரின் வேலையல்ல. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எண் கேளுங்கள். மொத்த இடம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் வேண்டும்.

கேள்வி: வாஸ்து பார்த்தாயிற்று. அளக்கவும் வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. பத்திரத்தில் இருப்பது தரையிலும் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, விற்கிறவரைத் தாலுகா சர்வேயரிடம் மனு கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். கல் நடும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.