இரும்புலியூர் மொட்டைமாடியில் துணி உலர்த்தலும் மழை வருகையும்: ஒரு கை-ஸ்கொயர் ஆராய்ச்சி

"நீங்க துணி போட்டாலே மழை வந்துடுது தம்பி" என்பது இரும்புலியூரில் நான் குடியிருக்கும் வீட்டின் மூலபாடம் (ஹவுஸ் ஓனர் அம்மா, வாய்மொழி, மாடிப்படி). சொன்னபோது அவர் வாயில் துணிக் கிளிப்பு இருந்தது. ஆகவே 'வந்துடட்டும்' என்று பாடங்கொள்வாரும் உளர் (கீழ்வீட்டு அக்கா, மறுப்புரை, மோட்டார் ஓடிய நேரம்). எந்தப் பாடம் சரியானாலும் பழி என் சட்டைகள் மேல்தான்.

இதைத் தீர்க்க கார்ல் பியர்சன் 1900இல் ஒரு கருவி செய்து வைத்தார். துணிக்கும் மழைக்கும் தொடர்பே கிடையாது என்று முதலில் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். புலவர்கள் இதை இன்மைக் கருதுகோள் என்பர். பிறகு துணி உண்டு-இல்லை, மழை உண்டு-இல்லை என்று நான்கு கட்டம் போட்டு, அப்படியானால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் விழ வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் விழுந்ததிலிருந்து கழித்து, வர்க்கம் எடுத்து, எதிர்பார்த்ததால் வகுத்து, எல்லாக் கட்டத்தையும் கூட்ட வேண்டும். வருவது கை-ஸ்கொயர். இங்கே கை என்பது கிரேக்க எழுத்து. உடம்பில் இருக்கும் கை அன்று என்க.

மழையை வரவழைக்கும் செயல்கள் நான்கு. வடாம் பிழிதல் சித்திரையில் நடப்பது. மழைக் கட்டத்தின் எதிர்பார்ப்பு 5ஐத் தொடாது, ஆதலால் சோதனை செல்லாது. கார் கழுவுதல்: என்னிடம் கார் இல்லை. குடையை மறத்தல்: தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்தவர்க்கு நிரூபணம் வேண்டாம்.

நான்காவது, துணி. துணி போட்ட நாள் எது? ஜீன்ஸ் பேன்ட் முதல் நாள் காயாது. இரண்டாம் நாளும் இடுப்புப் பட்டி ஈரமாகவே கொடியில் கிடக்கும். அந்த இரண்டாம் நாள் துணி போட்ட நாளா, துணி எடுக்காத நாளா? லுங்கியை அளவுகோலாகக் கொண்டால் நாள் 24 மணி நேரம். ஜீன்ஸைக் கொண்டால் 50. ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி படிந்ததால் மறுபடி அலசிப் போட்ட துணி மறுபதிப்பாகுமா என்பது தனி நூலுக்குரியது (ஹவுஸ் ஓனர் அம்மா, மேலது, திருத்திய இரண்டாம் பதிப்பு, இடக்கையில் வாளி; கீழ்வீட்டு அக்காவின் அடிக்குறிப்புகளுடனும், இருவருக்கும் நடுவே பறந்த விமானப்படைப் பயிற்சி விமானத்தால் சிதைந்த மூன்று வரிகளுடனும்).

மழை எது என்பதில் வானிலைத் துறை கறாரானது: 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழை நாள். நாள் முடிவது காலை 8.30க்கு. எங்கள் வீட்டில் வேட்டி நுனி சொட்டினால் மழை. குரோம்பேட்டையில் கொட்டும்போது பெருங்களத்தூரில் வெயிலடிப்பதால் வேட்டியே நம்பத் தகுந்தது. ஆனால் ஒன்று, பியர்சன் கருவிக்கு அளவு தெரியாது, தலை எண்ணத்தான் தெரியும். 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, முடிச்சூர் மூழ்கியது. அதுவும் கட்டத்தில் ஒரு கோடுதான்.

அக்டோபர், நவம்பர் 61 நாள். தீபாவளியன்று எண்ண ஆளில்லை, ஆக 60. துணி போட்ட நாள் 24, அதில் மழை 14. போடாத நாள் 36, அதில் மழை 11. தொடர்பே இல்லையென்றால் துணி போட்ட மழை நாள் 10தான் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 4.57. நூற்றுக்கு ஐந்து தவறு பொறுக்கலாம் என்றால் எல்லை 3.84. தொடர்பு உண்டு! அம்மா வென்றார்.

பொறுங்கள். அந்த எல்லை புள்ளியியலாளர் ஃபிஷர் தயவு; எல்லை எவ்வளவு என்பது கட்டங்களுக்கு எத்தனை சுதந்திரம் என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் சுதந்திரம் மூன்று என்றார் பியர்சன். ஒன்றுதான் என்றார் ஃபிஷர், 1922இல். ஓரக் கூட்டுத்தொகைகள் தெரிந்தபின் ஒரு கட்டத்தை நிரப்பினால் மற்ற மூன்றும் தாமாக விழும். எங்கள் மாடியிலும் நான்கு கொடி; அம்மா தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மற்றவை தாமாக முடிவாகிவிடும். சுதந்திரம் ஒன்று, அது அவருடையது. பியர்சன் கடைசிவரை ஒப்பவில்லை. அவர் கணக்கில் எல்லை 7.81, நான் நிரபராதி. பிறகு 1934இல் யேட்ஸ் வந்து, சிறிய கட்டங்களில் ஒவ்வொரு வித்தியாசத்திலும் அரை குறைக்கச் சொன்னார். குறைத்தேன். 3.5. மறுபடியும் நிரபராதி.

போதாக்குறைக்கு நாட்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டுமாம். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உட்கார்ந்துவிட்டால் நான்கு நாளும் ஒரே நாள். இந்த நிபந்தனையைப் பார்த்தால் 60 நாள் கணக்கும் அடிபடும். ஆனால் 'வயதுக்கும் வாடிக்கையாளர் திருப்திக்கும் தொடர்புண்டா' என்று வருடா வருடம் பைண்டிங்குக்கு வரும் எம்.பி.ஏ. புராஜெக்ட்டுகளில் யாரும் நிபந்தனை பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்ப்பானேன்?

டைப் செய்ய டி.டி.பி. கடைக்குப் போனேன். கடைத் தம்பி கட்டத்தைப் பார்க்கவே இல்லை.

"தொடர்பு இருக்குன்னு போடவா சார், இல்லைன்னு போடவா? கைடு யாரு?"

"கைடு இல்லப்பா. ஹவுஸ் ஓனர் அம்மா படிப்பாங்க."

"வாடகை கட்டியாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இருக்குன்னே போட்டுடறேன் சார்."