இரும்பு மனிதருக்கு ஒரு பாராட்டு

சித்தப்பா, வடகவுஞ்சியில் உங்களைப் போல் பொறுமைசாலி இன்னொருவர் இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு முகாமில் உங்கள் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, 160க்கு 100 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். 140க்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்கள். "மேடு ஏறி வந்ததால கூடியிருக்கும், உட்கார்ந்தா இறங்கிடும்" என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அன்றிலிருந்து ஒருநாள்கூட அதைப் பற்றி நீங்கள் முனகி நாங்கள் கேட்டதில்லை. ரத்தக் கொதிப்பும் உங்களைப் போலத்தான், சித்தப்பா. வலிக்காது, முனகாது, தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் சிக்கனமும் ஊரறிந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து மாத்திரை நம் வீட்டுப் படியேறி வருகிறது. வந்ததில் ஒன்றையும் நீங்கள் தொலைக்கவில்லை. போன மாதம் சித்தி அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தீர்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரே ஒரு குழிதான் கிழிந்திருந்தது. மாத்திரை கொண்டுவரும் பெண் எதிரில் நின்று பார்த்த அன்று போட்டது. மீதி ஒன்பதும் பளபளவென்று அப்படியே இருந்தன.

உழைப்பைச் சொல்லவே வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு வாழைத்தார் ஏற்ற எழுந்துவிடுவீர்கள். ராத்திரி காட்டுமாடு தோட்டத்தில் இறங்காமல் டார்ச்சும் தகர டப்பாவுமாகக் காவல். தூங்கும்போது மனிதனுக்கு ரத்த அழுத்தம் பத்திலிருந்து இருபது சதவீதம்வரை தாழும். குழாய்களுக்கு நாள் முழுவதிலும் கிடைக்கிற ஓய்வு அதுதான். அந்த ஓய்வையும் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

கவலையை வீட்டாரிடம் காட்டாதவர் என்று உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வோம். காட்டுமாடு எதிரில் வந்து நின்றால் உடம்பு ஒரு நொடியில் தயாராகிவிடும். இதயம் வேகமெடுக்கும், ரத்தக் குழாய் இறுகும், ஈரல் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடும். ஓடித் தப்பியதும் எல்லாம் தணிந்துவிடும். மிளகு விலை சரிந்ததற்கும் வங்கித் தவணைக்கும் உடம்பு இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. ஓடத்தான் இடமில்லை. திண்ணையில் அசையாமல் உட்கார்ந்து, பீடிக்கு மேல் பீடியாக, அந்த ஓட்டம் முழுவதையும் நீங்கள் உள்ளுக்குள்ளேயே ஓடி முடிப்பீர்கள். ஓயாத அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது. கை தடித்தால் வலு, இதயம் தடித்தால் விறைப்பு. சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் கண்ணின் விழித்திரையும் அதே அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன, உங்களைப் போலவே வெளியில் சொல்லாமல்.

ஜீப் வாங்கி முன்னுக்கு வந்தவர் நீங்கள். அதற்கு முன் மேல்தோட்டத்துக்கும் கீழ்த்தோட்டத்துக்கும் நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குவீர்கள், நான் பின்னாலேயே ஓடிவருவேன். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953-இல் எழுதினார். மாடிப் பேருந்தில் படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். ஒரே பேருந்து, ஒரே புகை, ஒரே ஊர். ஜீப் வந்த அன்று நீங்கள் நடத்துநர் வேலையை விட்டுவிட்டு ஓட்டுநர் ஆனீர்கள். அன்றைக்குத் தேங்காய் உடைத்துக் கொண்டாடினோம்.

சாப்பாட்டிலும் உங்களால் யாருக்கும் தொந்தரவில்லை. பழைய சோறும் ஊறுகாயும் கருவாடும் போதும். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் ஊறுகாய் அதைக் காலையிலேயே முடித்துவிடும்.

போன மார்கழியை மறக்க முடியவில்லை. களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. முறத்தில் அள்ளி எழுந்தீர்கள். வலது கை தானாகத் தளர்ந்து முறம் சாய்ந்தது. என்னவோ சொல்ல வந்தீர்கள், வார்த்தை குழறியது, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. அப்படியே குந்தி உட்கார்ந்து, சிதறிய கொட்டையை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தீர்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியானது. "குளிர்காத்து அடிச்சிருக்கு, சூடா ஒரு காப்பி போடு" என்றீர்கள். சாயங்காலம் மூட்டையும் தூக்கினீர்கள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள்: "இரும்பு மனுஷன்யா." நானும் சொன்னேன். என் கையில் கார்ச் சாவி இருந்தது. மூளையில் ரத்தம் அடைபட்டால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அடைப்பு தானே விலகினாலும், அடுத்தது பெரிதாக வருவதற்குள் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதெல்லாம் தெரிந்தவன் நான். தெரிந்தும் உங்கள் முதுகைத் தட்டிப் பாராட்டினேன்.

சிறுவயதிலிருந்து நாங்கள் கொடுத்தது எல்லாம் இந்தப் பாராட்டுத்தான், சித்தப்பா. காய்ச்சலோடு தோட்டத்துக்குப் போனால் பாராட்டு, சாப்பிடாமல் வேலை பார்த்தால் பாராட்டு, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே இறங்கினால் ஊரே பாராட்டு. மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் ஒரு மணி நேரம் படுத்தவரை நம் வீட்டில் யாராவது மெச்சியிருக்கிறோமா? தமிழ்நாட்டில் 2020-இல் வீடு வீடாக எடுத்த கணக்கில் ரத்தக் கொதிப்புள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மிச்சப் பேரின் வீடுகளிலும் இப்படி மெச்சிக்கொண்டு சிலர் இருந்திருப்போம்.

நாளையிலிருந்து காலை ஏழு மணிக்குப் போன் செய்வேன். நீங்கள் பேச வேண்டாம். போனை டப்பா பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு மாத்திரையைப் பிதுக்குங்கள். அட்டை நொறுங்குகிற அந்தச் சத்தம் எனக்குக் கேட்டால் போதும்.