கடுவனுக்குத் துணை தேடும் நாட்டிலிருந்து

சூரிச்,
சுவிற்சர்லாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுவிஸில் கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பது குற்றமாமே, இது உண்மையா, அல்லது வெளிநாட்டுக்காரர் விடுகிற கதையா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். முழு உண்மை. 2008 செப்டம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, கூட்டமாக வாழும் இயல்புள்ள பிராணிகளுக்குத் தம் இனத்தில் துணை இருந்தே ஆகவேண்டும். கினிப்பன்றி என்றால் குறைந்தது இரண்டு. கிளிகளுக்கும் அப்படித்தான். மனிதர் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. ஒருவர் நாலாம் மாடியில் நாற்பது வருடம் தனியே இருந்து தேய்ந்து போகலாம். எந்த அதிகாரியும் கதவைத் தட்டி, உங்களுக்கு ஒரு துணை வேண்டாமா என்று கேட்கமாட்டார். அந்தப் பாக்கியம் ஒரு கிலோ எடையில், வாலில்லாமல், நாள் முழுக்கப் புல் கொறிக்கிற இந்தப் பிராணிக்குத்தான். நீங்கள் இதை "விசர்ச் சட்டம்" என்று எழுதியிருந்தீர்கள். என் கணக்கில் சட்டத்தில் விசர் இல்லை, குறைதான் இருக்கிறது. அது தலையை எண்ணுகிறது. இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்பதில்லை. வளர்ந்த கடுவன்களின், அதாவது ஆண் கினிப்பன்றிகளின், விஷயத்தில் எண்ணிக்கை பாதி வேலைதான். மற்றப் பாதி, அவை இளமையில் யாரோடு வளர்ந்தன என்பதில் இருக்கிறது.

முதலில் சட்டத்தின் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிராணியின் ஊர் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதி. அங்குள்ளவர்கள் பல ஆயிரம் வருடங்களாக இதை வளர்த்து வந்தது கொஞ்சுவதற்கல்ல, தின்பதற்கு. பெருவில் இன்றைக்கும் 'குய்' என்ற பெயரில் விருந்துக்கு வரும். சட்டிக்குப் போகும்வரை பலதும் சேர்ந்து குசினி மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த வம்சம் இது. அந்த வாழ்க்கை அதன் குணத்தையே மாற்றிவிட்டது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பேர்ட் சாக்சரின் குழு வீட்டுக் கினிப்பன்றியையும் அதன் காட்டு உறவினரையும் ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வீட்டு இனத்தில் சண்டை குறைவு, ஒன்றோடொன்று கூடிப் பழகுவது அதிகம், நெருக்கடி வந்தால் உடம்பு பதறுவதும் குறைவு. அதே குழுவின் இன்னொரு முடிவு இன்னும் சுவையானது. ஒரு கடுவனைப் பழக்கமில்லாத கூட்டில் விட்டால் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் ஏறும். அது நெருங்கிப் பழகிய பெட்டை பக்கத்தில் இருந்தால் அந்த ஏற்றம் குறைகிறது. முன்பின் தெரியாத பெட்டையை விட்டால் அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. ஆகவே துணை வேண்டும் என்று சட்டம் சொல்வது சரி. ஆனால் 'ஏதாவது ஒரு துணை' என்று அது நிறுத்திக்கொள்வதைக் கடுவனின் இரத்தமே ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் ஒவ்வொரு கடுவனுக்கும் நல்ல பெட்டையாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் போயிற்று என்பீர்கள். இங்கே மிருக வைத்தியர்களும் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்: நலமடித்த கடுவன் ஒன்றும் பெட்டைகள் சிலவும் சேர்ந்தால் கூடு அமைதியாக இருக்கும். நலமடித்தல் நீங்கள் காளைக்குச் செய்விக்கும் அதே வேலைதான். இங்கே மயக்க மருந்தும் கட்டணச் சீட்டும் கூடுதல். அதற்குப் பிறகும் பல வாரம் பெட்டைகள் பக்கம் விடக்கூடாது, பழைய சரக்கு மிச்சமிருக்கும். எல்லாம் சரி, கணக்குத்தான் இடிக்கிறது. பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி கடுவன். ஒரு கடுவனும் மூன்று பெட்டைகளும் என்று கூடு கூடாகப் பிரித்தால், ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு கடுவன்கள் வெளியே நிற்கும். மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தாக வேண்டிய அவை எங்கே போகும்? சட்டப்படி தனியே வைக்க முடியாது, பெட்டைகளோ தீர்ந்துபோய்விட்டன. எனவே கடுவனுக்குக் கடுவனைத் துணையாக்குவது யாரோ சிலரின் விநோத ஆசை இல்லை; அந்தக் கணக்கிலிருந்து தப்ப வேறு வழியே இல்லை.

இரண்டு வளர்ந்த கடுவன்கள் சேர்ந்தால் குத்துவெட்டுத்தான் என்பது பரவலான நம்பிக்கை. இதற்குச் சாக்சர் குழுவின் பரிசோதனைகளில் நல்ல பதில் இருக்கிறது. ஆண், பெண், கிழடு, குஞ்சு என்று பெரிய கூட்டத்தில் வளர்ந்த கடுவன்களை, வளர்ந்த பிறகு முன்பின் தெரியாத கடுவன்களோடு விட்டார்கள். பெரிய சண்டை இல்லை. விரைவில் யார் மேல், யார் கீழ் என்று முடிவாயிற்று, அழுத்த ஹோர்மோனும் பெரிதாக ஏறவில்லை. தனியாகவோ ஒரே ஒரு பெட்டையோடோ வளர்ந்த கடுவன்களை அதேபோல் விட்டபோது கடும் சண்டை, உச்சத்துக்கு ஏறிய ஹோர்மோன். இரண்டு தரப்பும் ஒரே இனம். வித்தியாசம் பருவ வயதில் இருந்தது. கூட்டத்தில் வளரும் இளவட்டம் மூத்த கடுவன்களிடம் அடிபட்டு, எப்போது பணிவது, எப்போது விலகி நடப்பது, அடுத்தவன் பெட்டையை எப்படிக் கண்டும் காணாமல் போவது என்பதை அந்த வயதில் படிக்கிறது. தனியே வளர்ந்ததற்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. அதைக் கெட்ட சாதி என்று ஒதுக்கவும் முடியாது. ஆள் குறைந்த இடத்தில் ஒரே பெட்டையைக் காக்க முரட்டுத்தனம்தான் உதவும் என்பது அதே ஆய்வாளர்களின் விளக்கம். அது தன் சூழலுக்கு ஏற்றதைத்தான் கற்றிருக்கிறது, நாம்தான் பிறகு சூழலை மாற்றிவிடுகிறோம். சாத்திரியார் இரண்டு குறிப்பையும் வைத்துப் பிறந்த நேரத்தைப் பார்த்துப் பொருத்தம் சொல்லுவார். கடுவன்களுக்குப் பொருத்தம் பார்ப்பவர் பிறந்த நேரத்தை விட்டுவிட்டு, வளர்ந்த வீட்டை விசாரிக்கவேண்டும்.

இவ்வளவு கரைச்சல் எதற்கு, ஒரு முயலைச் சேர்த்துவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. முயலின் பாஷை வேறு, உதை வேறு. முயலுக்கு நோய் காட்டாமல் அதன் மூக்கில் குடியிருக்கும் சில கிருமிகள் கினிப்பன்றியின் நெஞ்சைப் பிடிக்கும். சாப்பாடும் வேறு. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் விற்றமின் சியைத் தானே செய்யாது, உணவில்தான் கிடைக்கவேண்டும். முயலுக்கு அந்தக் கவலை இல்லை. சரி, மனிதரே துணையாக இருந்தால்? கினிப்பன்றி பகலும் இரவும் துண்டு துண்டாகத் தூங்கி எழும்பும் பிராணி. அதன் எசமானோ காலை ஆறரை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய், இரவு வந்து களைத்து விழுகிறவர். அவருக்கே ஒரு துணை தேவைப்படும். தனிக் கடுவன் சத்தமில்லாமல் சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று சிலர் சாதிக்கிறார்கள். பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற பிராணி துன்பத்தை வெளியே காட்டினால் பிழைக்காது. அதன் மௌனத்தைத் திருப்தி என்று எடுத்துக்கொள்வது நமக்குத்தான் வசதி.

வளர்ப்பு நல்லதென்று தெரிந்த பிறகும் அறிமுகம் செய்யும் முறை இருக்கிறது. இரண்டின் வாசமும் படாத பொது இடம், தாராளமான பரப்பு, உலர்புல்லும் தண்ணீரும் இரண்டிரண்டு, பதுங்கும் பெட்டிக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் என்றால் தோற்றவன் உள்ளே மாட்டிக்கொள்வான். பெட்டையின் வாசம் கிட்ட வரக்கூடாது. வந்தால் நட்பு அன்றோடு முறியவும் கூடும். இடுப்பை ஆட்டி உறுமி நடப்பதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், நாடியை உயர்த்தி நிற்பதும் பதவிப் போட்டிதான், பொறுத்துக்கொள்ளலாம். பல்லை நறநறத்தால் எச்சரிக்கை. இரண்டும் கட்டிப் புரண்டு இரத்தம் வந்தால் பிரிக்கவேண்டும், அதுவும் வெறுங்கையால் அல்ல, தடித்த துவாயால். சின்னச் சின்ன உரசலுக்கெல்லாம் பிரித்தால் போட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முரடாக வளர்ந்ததற்கும் வழி முழுதாக அடைபட்டுவிடவில்லை. வளர்ந்த கடுவனோடு ஒரு சிறு குட்டியை விட்டால், மேலா கீழா என்ற கேள்வி முதலிலேயே முடிந்துவிடும். குட்டி பருவத்துக்கு வரும்போது ஒரு சுற்றுக் கலகம் வரும், அதற்கும் இடம் தாராளமாக இருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்பீர்கள். ஐந்து முதல் எட்டு வருடம் வாழும் பிராணியில் ஒன்று செத்தால் மற்றதற்குப் புதுத் துணை, அது கிழடானால் இன்னொன்று, இந்தச் சங்கிலி எங்கே முடியும் என்று. அதற்கும் இந்த நாட்டில் வழி கண்டிருக்கிறார்கள்: மிச்சக் காலத்துக்குக் கினிப்பன்றியை வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிழவனின் காலம் முடிந்ததும் துணையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பகிடிபோலத் தெரிந்தாலும் இதுவே என் கட்சிக்குச் சாட்சி. பழகத் தெரிந்த கடுவனைத்தான் வீடு வீடாக அனுப்ப முடியும். கூட்டத்தில் வளர்த்தால்தான் பழகத் தெரியும். ஆகவே சட்டத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடைத்தால் ஒரே ஒரு வரி சேர்ப்பேன்: கடுவன் விற்கிறவர் அது எந்த மூத்த கடுவன்களோடு, எத்தனை மாதம் வளர்ந்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அங்கே பிள்ளைகள் யாராவது கினிப்பன்றி கேட்டு அடம்பிடித்தால், நிறத்தையும் மயிரையும் பார்த்து மயங்காமல் நீங்களும் அதை மட்டும் கேளுங்கள்.

சித்திக்கும் மற்ற எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்