கிளம்பும் முன் பத்து நிமிடம்

நான் லாரியில் கிளீனராக இருந்த காலத்தில், விடிவதற்குள் எனக்கு வேலை தொடங்கிவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறப்பேன். எண்ணெய் கலந்த தண்ணீர் உஸ்ஸென்று பீய்ச்சும். வெறும் காற்று வரும்வரை மூடக்கூடாது. தண்ணீர் தங்கினால் காற்றுக்கு இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஏர் ஏறக் காத்திருப்போம். ஏர் மீட்டரின் முள் மேலே வந்ததும் டிரைவர் அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை மிதித்துப் பிடிப்பார். நான் அடியில் படுத்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பேன். "தண்டு எவ்வளவு வருது தம்பி?" என்று மேலிருந்து கேட்பார். பிரேக் சேம்பரிலிருந்து தண்டு அதிகம் நீண்டால், பிரேக் லைனர் தேய்ந்து டிரம்முக்கு எட்டாமல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியைக் குறைக்க ஸ்பேனர் போட்டு ஸ்லாக் அட்ஜஸ்டரை இறுக்குவோம். எங்காவது ஏர் கசிந்தால், அதைச் சரிசெய்யாமல் வண்டி நகராது.

இன்று ஈரத்தை ஏர் டிரையர் வாங்கிக்கொள்கிறது. ஸ்லாக் தானாகவே சரிசெய்துகொள்கிறது. ஏர் குறைந்தால் பஸ்ஸர் கத்துகிறது. 2015க்குப் பின் வந்த கனரக லாரிகளில் ஏ.பி.எஸ். இருக்கிறது. எல்லாமே உயிர் காக்கும் வசதிகள், வரவேற்கிறேன். ஆனால் பல வண்டிகளில் கிளீனர் இல்லை. தனி ஆளாக நிற்கும் டிரைவருக்கு, லோடு எப்போது வரும் என்று விடியுமுன்பே போன் வந்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கு அணைந்ததும் கிளம்பிவிடுகிறார்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏ.பி.எஸ். பார்த்துக்கொள்ளும், தேய்ந்த லைனருக்கு அது பிடிப்புத் தராது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும்போதுதான் இது தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரியும், லைனர் பிடிக்காது. ஒரு சக்கரத்தில் பிரேக் சரியில்லை என்றால் அதன் வேலையும் மற்ற சக்கரங்கள்மேல் விழுந்து, அவையும் சீக்கிரம் காயும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பிடிப்பும் போய்விடும்.

டிரைவர் தம்பிகளே, கூட ஆள் இல்லாவிட்டாலும் சிலவற்றைச் செய்யலாம். ஏர் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். வண்டி நகர்ந்ததும் மெதுவாக ஒருமுறை பிரேக் போட்டுப் பாருங்கள். லைனரை மெக்கானிக்கிடம் தவறாமல் காட்டுங்கள். முதலாளிமார்களே, அந்தப் பத்து நிமிடத்தைத் தாமதம் என்று கணக்கில் எழுதாதீர்கள்.