நிப்பாவின் கள்ளத்தனம்

கேள்வி: 1999-இல் புக்கிட் பெலாண்டோக் பக்கம் ஊரே கொசுமருந்தும் தடுப்பூசியுமாக இருந்தும் ஆட்கள் இறந்தார்களே, உடம்பின் எதிர்ப்புச் சக்தி என்ன செய்துகொண்டிருந்தது? – வாசகி, லாபு தோட்டம்.

பதில்: அதை வைரஸே கட்டிப்போட்டுவிட்டது, அம்மா! முதலில் ஆளையே மாற்றிப் பிடித்தோம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொசுவைத் துரத்தினோம். அது குழந்தைகளையே அதிகம் தாக்கும்; விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணையில் வேலை பார்த்த பெரியவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள்.

கிருமி நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் செய்தியை அனுப்பும். ஸ்டாட்1 என்ற புரதம் அதை உட்கருவுக்குக் கொண்டுபோய், உறங்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பும். நிப்பா அந்தத் தூதனையே பிடிக்கிறது. அதன் 'வி' புரதம் வாசலிலேயே மடக்கும். 'டபிள்யூ' புரதம் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தும். இரண்டுமே ஒரே மரபணுவின் பிள்ளைகள்: நகலெடுக்கும்போது ஓர் எழுத்து கூடினால் வி, இரண்டு கூடினால் டபிள்யூ. என்ன சிக்கனம்!

2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் பரவியதும் இதே வைரஸ்தான். மனிதருக்கான அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆகவே, இந்தக் கிருமியைச் சுமக்கும் வௌவால் ருசிபார்த்த ரம்புத்தானை அதற்கே விட்டுவிடுங்கள்.