பானட்டைத் தூக்கினால் வருபவர்

டீசல் பிக்கப் நடுரோட்டில் நின்றுபோனால் டிரைவர் செய்யும் முதல் காரியம் சாவியைத் திருகிப் பார்ப்பது. இரண்டாவது, பானட்டைத் தூக்குவது. மூன்றாவதாக எதையும் செய்ய அவருக்கு வாய்ப்பு கிடைக்காது. அதற்குள் அண்ணன் வந்துவிடுவார்.

எங்கிருந்து வருகிறார் என்பது யாருக்கும் பிடிபட்டதில்லை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போகும் வண்டி, உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே, தென்னந்தோப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் நின்றாலும் சரி, மடித்துக் கட்டிய வேட்டியும் தோளில் துண்டுமாக ஆள் ஆஜர். கையில் ஒரு ஸ்பானர்கூட இருக்காது. ஸ்பானர் வைத்திருந்தால் மெக்கானிக். இல்லாமல் வந்தால்தான் நிபுணர்.

“ஏனுங்க தம்பி, வண்டி நின்னுருச்சுங்களா?”

ஓடுகிற வண்டிக்கு யாரும் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதில்லை. இருந்தாலும் டிரைவர் மரியாதைக்கு “ஆமாங்ணா” என்பார். அந்த ஒரு வார்த்தையோடு வண்டியின் பொறுப்பு கைமாறிவிடும்.

“பேட்டரி டவுனுங்க.”

டிரைவர் சாவியைத் திருகிக் காட்டுவார். செல்ஃப் விறுவிறுவென்று சுற்றும். எஞ்சின்தான் பிடிக்காது. பேட்டரியில் குறையில்லை என்பது ஊருக்கே கேட்கும். அண்ணன் அசர மாட்டார்.

“அப்பப் பிளக்குதான். கழட்டித் தொடச்சு மாட்டுங்க.”

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே போன காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை நசுக்கினால், அது 500 டிகிரியைத் தாண்டிச் சுடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிவிட்டார். அந்தச் சேதி உடுமலை ரோட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. டிரைவர் தயங்கித் தயங்கிச் சொல்லுவார்: “இதுல ஸ்பார்க் பிளக்கே இல்லீங்ணா.”

“பாத்தீங்களா? அதான் பிரச்சனையே!”

அண்ணனின் ஞானம் முழுவதும் ஒரே ஊற்றிலிருந்து வருவது. அதன் பெயர் ‘மச்சான் வண்டி’. ஒரு காலத்தில் அவருடைய மச்சான் ஒரு வண்டி வைத்திருந்தார். உலகத்தில் உள்ள அத்தனை வியாதியும் அதற்கு வந்திருக்கிறது. “மச்சான் வண்டியும் இதே மாதிரிதானுங்க நின்னுச்சு. நாசில் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுத்தோம், கும்முனு புடிச்சுக்கிச்சு.” பழைய பம்ப் வண்டிக்கு அது சரியான வைத்தியம்தான். இன்றைய காமன் ரயில் எஞ்சினில் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கு மேலேயே ஏறும். பீய்ச்சியடிக்கிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அண்ணன் மச்சானைத் தாண்டி யோசித்ததில்லை. டிரைவர் போனில் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டால், மறுமுனையில் கேட்கும் அலறல் ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்கும்.

இதற்குள் துணை நிபுணர்கள் சேர்ந்திருப்பார்கள். ஒருவர், “பங்க்குல தண்ணி கலந்துட்டானுங்க” என்பார். இளவட்டம் ஒன்று, “பிஎஸ் சிக்ஸ் வண்டின்னாலே சென்சாருதாங்க” என்று தீர்ப்பு எழுதும். எந்தச் சென்சார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

அடுத்தது தள்ளும் படலம். “எல்லாரும் ஒரு கை போடுங்க!” பின்னால் 1,500 கிலோ தக்காளி. செல்ஃபே எஞ்சினை நன்றாகச் சுற்றும்போது, தள்ளிச் சுற்றினால் மட்டும் என்ன புதிதாக நடந்துவிடும்? ஆனாலும் தள்ளுவார்கள். அண்ணனின் கையும் வண்டியின் மேல்தான் இருக்கும், ஆசீர்வாதம் செய்கிற அழுத்தத்தில். அவருடைய பலமெல்லாம் “ஏலேலோ”வில் செலவாகிவிடும்.

ஒருவழியாக மெக்கானிக் பையன் டூவீலரில் வந்து இறங்குவான். பானட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்பான். அதுவரை கூடியிருந்த யாரும் கேட்காத கேள்வி.

“எப்படிங்ணா நின்னுச்சு? சுவிட்ச் அணைச்ச மாதிரி டக்குனா, இல்ல விக்கி விக்கியா?”

“மேடு ஏறையில இழுவை கொறைஞ்சு, ரெண்டு தடவ விக்குச்சுப்பா.”

பாதி வேலை அதோடு முடிந்தது. டக்கென்று அணைந்திருந்தால் ஃபியூஸ், ரிலே, கிராங்க் சென்சார் என்று கரண்ட் பக்கம் தேட வேண்டும். விக்கி நின்றால் டீசல் பக்கம். முள் பார்த்தான், கால் டேங்க் இருந்தது. செல்ஃப் அடிக்கச் சொல்லி சைலன்சரைப் பார்த்தான். கொஞ்சம்கூடப் புகை வரவில்லை. டீசல் எஞ்சினுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். “தொடர்ந்து அடிக்காதீங்க, பத்து செகண்ட் அடிச்சா விட்டு அடிங்க, செல்ஃப் மோட்டார் வெந்துரும்” என்றபடி, டேங்க்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனான்.

“பைப்பு காஞ்சுதானே கெடக்குது? ஒழுகவே இல்லியே!” என்றார் அண்ணன்.

“உறிஞ்சுற பைப்புங்க. வெளிய ஒழுகாது, உள்ள காத்த இழுக்கும்.”

கிளாம்ப்பைத் தளர்த்தி நகர்த்தினான். அதன் அடியில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. வெடித்த நுனியை வெட்டிவிட்டு, பைப்பை ஏற்றி மாட்டி, கிளாம்ப்பை இறுக்கினான். ஃபில்டர் மேலிருந்த ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்க அமுக்க, சோடா திறந்தாற்போல நுரை பொங்கியது. பிறகு குமிழி குறைந்து, வெறும் டீசல் வழிந்தது. ஸ்க்ரூவை மூடிச் சாவியைத் திருகினால், கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, லேசாக வெள்ளைப் புகையைக் கக்கி எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்போது அண்ணன் அங்கே இல்லை. வெடிப்பைக் கண்டுபிடித்ததுமே கிளம்பிவிட்டார். காரணம் தெரிந்துவிட்ட வண்டியில் அவருக்குச் சுவாரசியம் கிடையாது. இது அவர் வழக்கம். அவர் அனுபவத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ உண்டு; எதனால் நின்றது என்பதுதான் ஒன்றுக்கும் தெரியாது. அதனால்தான் மச்சான் வண்டிக்கு இன்றுவரை போட்டியே இல்லை.

பழைய டிரைவர்கள் இவரைக் கையாளத் தெரிந்தவர்கள். வந்து வாயைத் திறப்பதற்குள், “அண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சுட்டு, பின்னால வர்ற வண்டிக்குக் கை காட்டுங்ணா” என்று பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். மேட்டில் நிற்கிற வண்டிக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற வேலை அது. அண்ணனும் துண்டை வீசி ஜோராகச் செய்வார். ஆனால் கை காட்டி நிறுத்திய ஒவ்வொரு வண்டிக்காரரிடமும், “நாசில்தானுங்க, சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க” என்று அறிக்கை வாசிப்பார். அரை கிலோமீட்டருக்கு வண்டிகள் தேங்கி நிற்கும்.

மெக்கானிக்குக் கூலி உண்டு. வேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடலாம். அண்ணன் கூலி வாங்குவதில்லை. அதனால் அவரை வேலையை விட்டு நிறுத்தவும் வழியில்லை.