தோடோல் பிடித்த ரீல்

அப்பா விட்டுப்போன சொத்து ஒரு மிட்செல் 300. பிரான்சில் கடிகார வேலைக்குப் பேர்போன குளூஸ் என்ற ஊரில் செய்த தூண்டில் ரீல். அந்தக் கைநேர்த்தியைப் போர்ட் கிள்ளான் உப்புக்காற்று பல வருடம் பதம் பார்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பழைய தமிழ் நேசன் தாளை விரித்து உட்கார்ந்தேன். (பத்திரிகை 2019-இல் நின்றுவிட்டது, தாள் இன்னும் உழைக்கிறது.) பக்கமூடியைக் கழற்றினால், உள்ளே கிரீஸ் தோடோலாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, டூத்பிரஷால் பல்லிடுக்கு பல்லிடுக்காகத் தேய்த்தேன். என் பல்லுக்கு இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

நூலைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளையத்தைத் தொட்டதும் அதன் ஸ்பிரிங் ‘டிங்’ என்று பறந்தது. ஃபிரிட்ஜுக்கு அடியில் பத்துக்காசும் பல்லி முட்டையும் கிடைத்தன, ஸ்பிரிங் இல்லை. பேனா ஸ்பிரிங்கை வைத்துப் பார்த்தேன். அது அமுங்கப் பிறந்தது. இங்கே முறுக்குத் தாங்க வேண்டும்.

"புதுசே நூறு வெள்ளிக்குள்ள கிடைக்குமே, ஏங்க இந்தப் பாடு?" என்றாள் மனைவி. கிரீஸ், குட்டி ஸ்க்ரூடிரைவர், நடுநடுவே தே தாரிக் என்று நூறு வெள்ளி ஏற்கெனவே கரைந்ததைச் சொல்லவில்லை.

ஸ்பிரிங் இல்லாமலே மீன் பிடிக்கப் போய், போர்ட் கிள்ளான் தஞ்சோங் ஹராப்பானில் வளையத்தை விரலால் மூடி மூடிச் சுற்றினேன். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெரியவர், "மெசின் லாமா, பாகுஸ்!" என்று என் ரீலைப் பாராட்டிவிட்டு, தன் புது ரீலில் மூன்றாவது கெலாமாவை இழுத்துப் போட்டார்.

வரும் வழியில் கிள்ளான் பசாரில் நிறுத்தினேன்.